‘தகவல் இல்லை’ என்ற கட்டம்

லிட்டில் அந்தமான் தீவின் தெற்கு விரிகுடாவில் ஓர் இரவு. கடலிலிருந்து ஏறி வந்த பெண் ஆமை ஒன்று முட்டையிட்டு முடித்து, பின்துடுப்புகளால் மணலைத் தள்ளிக் குழியை மூடிக்கொண்டிருக்கிறது. மற்றக் கடலாமைகளுக்கு உள்ள கெட்டி ஓடு இதற்கு இல்லை. கறுத்துத் தடித்த தோல்தான் முதுகு. அதன்மேல் கழுத்துப் பக்கத்திலிருந்து வால்வரை ஏழு மேட்டு வரிகள் ஓடுகின்றன. ஏழுவரி ஆமை என்ற பெயர் அதனால் வந்தது. தோணி ஆமை என்றும் சொல்வதுண்டு. மணலில் கிடக்கும்போது கவிழ்த்துப் போட்ட தோணிதான் நினைவுக்கு வரும். உலகின் கடலாமைகளிலேயே பெரியது இது. சொறி மீன்களைத் தின்றே நூற்றுக்கணக்கான கிலோ எடைக்கு வளர்கிறது.

2011 முதல் 2014 வரை, பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகமும், அதே ஊரிலிருந்து இயங்கும் தக்ஷிண் ஃபவுண்டேஷனும், அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவும் சேர்ந்து இப்படிக் கரையேறிய பத்து ஏழுவரி ஆமைகளின் நடுவரியில் சிறிய சிக்னல் கருவிகளைப் பொருத்தின. ஆமை மூச்சு வாங்கத் தலை தூக்கும்போதெல்லாம் கருவியின் ஆன்டெனா நீருக்கு வெளியே வரும். அந்தச் சில நொடிகளில் அது தன் அடையாள எண்ணை வானத்தை நோக்கி அனுப்பிவிடும்.

வந்த செய்திகளைப் புள்ளிகளாக்கி, புள்ளிகளைக் கோடாக்கியபோது ஆய்வாளர்கள் முன்னால் விரிந்தது முழு இந்தியப் பெருங்கடல். ஓர் ஆமை தென்மேற்காகத் திரும்பி, 266 நாட்களில் 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் கரைப் பக்கம் போய்ச் சேர்ந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இன்னொன்று தென்கிழக்கே இறங்கி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை நோக்கிப் போனது. முட்டையிட்டது ஒரே மணலில். இரை தேடப் போனது பெருங்கடலின் இரு கோடிகளுக்கு.

இந்தக் கோடுகளைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். இந்த ஆமையைக் காப்பது யார் பொறுப்பு? லிட்டில் அந்தமான் கரையில் ஒரு வேலி போட்டால் போதுமா? வழியில் எந்த இடம் அதற்கு முக்கியம்? இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் முதலில் கடலை மதிப்பிட்டாக வேண்டும். அந்த மதிப்பீடு எப்படி நடக்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதே இந்த அத்தியாயம்.

மேட்டு நிலத்து ஊர்

பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைப் பார்க்க ஏறக்குறைய 300 கிலோமீட்டர் கடக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊருக்கும் கடலறிவுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ஆனால் இந்தியா கடலை வானிலிருந்து பார்க்கும் கண்கள் இங்கேதான் உருவாகின. இன்று யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் என்று பெயர் பெற்றிருக்கும் இஸ்ரோவின் பெங்களூரு மையம், நாட்டின் செயற்கைக்கோள்களை வடிவமைத்து ஒருங்கிணைக்கும் இடம். கடலுக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோளான ஓஷன்சாட்-1, 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. 2009 செப்டம்பரில் ஓஷன்சாட்-2, 2022 நவம்பரில் ஓஷன்சாட்-3 என்று வரிசை தொடர்ந்தது.

2013 பிப்ரவரி 25 அன்று ஏவப்பட்ட சரல் என்ற செயற்கைக்கோள் இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து செய்தது. அதில் இரண்டு வேலைகள். ஒன்று, கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வானிலிருந்து அளப்பது. மற்றது, ஆர்கோஸ் என்ற உலகளாவிய வலையமைப்பின் செவியாக இருப்பது. கடலில் மிதக்கும் மிதவைகளும் ஆமை முதுகில் ஒட்டிய கருவிகளும் அனுப்பும் மெல்லிய சிக்னல்களைப் பிடிக்கும் வலையமைப்பு அது. ஓஷன்சாட்-3 கூட ஒரு ஆர்கோஸ் கருவியைச் சுமந்தே பறக்கிறது.

ஆர்கோஸ் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை எளிமையானது. ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் கூர்மையாகக் கேட்கும். நம்மைக் கடந்து போனதும் தடித்துவிடும். வேகமாகப் பறந்துவரும் செயற்கைக்கோளுக்கும் ஆமையின் சிக்னல் அப்படித்தான் மாறிக் கேட்கிறது. அலைவரிசை எவ்வளவு மாறியது, எந்த நொடியில் மாறியது என்று கணக்கிட்டால் ஆமை இருக்கும் இடம் பிடிபடும். ஆமை சில முறை மூச்சு வாங்க மேலே வந்ததற்கு வரைபடத்தில் ஒரு புள்ளி.

பட்டா இல்லாத பரப்பு

நிலத்துக்கு நம்மிடம் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் புல எண் உண்டு, பட்டா உண்டு. எந்தப் புலத்தில் இந்தப் பருவம் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கும் அடங்கல் உண்டு. கடலுக்கு அடங்கல் எழுதுவது எப்படி? அங்கே பயிர் நகர்கிறது, புலமும் சேர்ந்து நகர்கிறது.

சட்டம் கடலைக் கரையிலிருந்து அளக்கிறது. 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் ஆட்சி எல்லை. 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை மீனும் கனிமமும் அந்த நாட்டின் உரிமை. இந்தியாவுக்கு இப்படிக் கிடைக்கும் பரப்பு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்கு அப்பால் தொடங்கும் ஆழ்கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. உலகக் கடற்பரப்பில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு அதுதான்.

யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அங்கே ஆளில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கப்பல்களுக்கு லண்டனில் ஓர் அமைப்பு விதி வகுக்கிறது. இந்தியப் பெருங்கடலின் சூரை மீன்களுக்கு சீஷெல்ஸ் தீவில் ஓர் ஆணையம் இருக்கிறது. கடலடிக் கனிமங்களுக்கு ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சர்வதேசக் கடலடி ஆணையம் உரிமம் தருகிறது. மத்திய இந்தியப் பெருங்கடலின் அடியில் கிடக்கும் பல்லுலோக முடிச்சுகளை ஆராய இந்தியாவும் 75,000 சதுர கிலோமீட்டருக்கு உரிமம் பெற்றிருக்கிறது. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும் உருண்டைகள் அவை.

ஏழுவரி ஆமை தன் பயணத்தில் இத்தனை அமைப்புகளின் ஆளுகையையும் கடந்து போகிறது. அதன் பாதையை முழுதாகப் பார்க்கும் கடமை நெடுங்காலம் யாருக்கும் இருக்கவில்லை. கப்பலைப் பார்ப்பவர் வலையைப் பார்ப்பதில்லை. வலையைப் பார்ப்பவர் கடலடியைப் பார்ப்பதில்லை.

ஏழு கேள்விகள்

இந்தக் குறையை நிரப்ப 2008-ல், ஜெர்மனியின் பான் நகரில் கூடிய பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் ஒரு வழியைக் கண்டன. கடலின் ஒரு பகுதி உயிரினங்களுக்கு முக்கியமானதா என்று மதிப்பிட ஏழு அளவுகோல்களை ஏற்றுக்கொண்டன. எளிய கேள்விகளாக அவற்றைச் சொல்லிவிடலாம். இது போன்ற இடம் வேறெங்கும் இல்லையா? ஏதாவது உயிரினம் முட்டையிட, குஞ்சு வளர்க்க, வலசை போக இந்த இடத்தை நம்பியிருக்கிறதா? அழியும் நிலையில் உள்ள உயிரினங்கள் இங்கே வாழ்கின்றனவா? ஒருமுறை சிதைந்தால் மீண்டுவர நெடுங்காலம் ஆகுமா? உயிர்வளம் மிகுதியாக உற்பத்தியாகிறதா? உயிர்வகைகள் பல்கிக் கிடக்கின்றனவா? மனிதக் கை அதிகம் படாமல் இருக்கிறதா?

உலகைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு கடலுக்கும் அறிஞர்களைக் கூட்டி, இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதவைத்தார்கள். வடகிழக்கு இந்தியப் பெருங்கடலுக்கான கூட்டம் 2015 மார்ச்சில் கொழும்பில் நடந்தது. அங்கே விவரிக்கப்பட்ட பகுதிகளில் மன்னார் வளைகுடா இருக்கிறது. இலங்கையின் தென்கரையில் காலி முதல் யால வரையுள்ள கடல் இருக்கிறது. வங்காள விரிகுடாவில் பங்குனி ஆமை என்ற வேறொரு கடலாமை வலசை போகும் பாதையும் இருக்கிறது.

அந்தப் படிவத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஏழு அளவுகோல்களுக்கும் எதிரே நான்கு கட்டங்கள். அதிகம், நடுத்தரம், குறைவு என்பவை மூன்று. நான்காவது கட்டம், ‘தகவல் இல்லை’.

என்னைக் கேட்டால் அந்தப் படிவத்தின் ஆகச் சிறந்த பகுதி இந்த நான்காவது கட்டம்தான். தெரியாததைத் தெரியாது என்று எழுத அறிவியல் தனக்கே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆனால் பெரிய ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. வரைபடம் ஆய்வுக்கூடத்திலிருந்து அமைச்சக மேசைக்குப் போகும்போது, ‘தகவல் இல்லை’ என்பதை ‘முக்கியத்துவம் இல்லை’ என்று படித்துவிடுவது எளிது. பலமுறை ஆய்வுக்கப்பல் போன கடல் வளமாகத் தெரியும். ஒருமுறையும் போகாத கடல் வெறும் நீலமாகத் தெரியும். கப்பல் பாதையையும் சுரங்க உரிமத்தையும் அந்த வெறும் நீலத்தில் வரையத்தான் கை நீளும். உலகக் கடலடியில் இன்றுவரை நவீன முறையில் அளந்து முடித்தது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம்; ஆகவே வெறும் நீலத்துக்குக் குறைவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மதிப்பீடு எந்தத் தடையையும் விதிப்பதில்லை. இந்த இடம் முக்கியம் என்று சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. என்ன செய்வது என்பதை நாடுகள்தான் முடிவுசெய்ய வேண்டும். அறிவதையும் ஆள்வதையும் வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்படிப் பிரித்ததால்தான் அரசியல் சண்டைகள் இல்லாமல் அறிஞர்கள் ஒரே மேசையில் உட்கார முடிந்தது.

நிறம் சொல்வதும் சொல்லாததும்

ஐந்தாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். இங்கே உயிர்வளம் மிகுதியா? கடலில் எல்லா உணவும் கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகளில் தொடங்குகிறது. அவற்றின் உடலில் உள்ள பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. அதனால் அவை பெருகிய கடல் பசுமை தட்டும். அவை குறைந்த கடல் கருநீலமாக இருக்கும். ஓஷன்சாட் செயற்கைக்கோள்களின் கடல்நிறக் கருவி இந்த வேறுபாட்டைத்தான் 700 கிலோமீட்டருக்கு மேலான உயரத்திலிருந்து படிக்கிறது. எளிதான வேலை அல்ல. செயற்கைக்கோளை எட்டும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுமண்டலம் சிதறடித்தது. மிச்சமிருக்கும் ஒரு பங்கில்தான் கடலின் செய்தி இருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தியாவின் தென்முனையை ஒட்டியும் இலங்கையின் தென்கரையை ஒட்டியும் கடல் பசுமை தட்டுகிறது. காற்று மேல்நீரைக் கரையைவிட்டுத் தள்ள, ஆழத்திலிருந்து குளிர்ந்த சத்துநீர் மேலேறி வருவதே காரணம். அந்தப் பசுமையைப் பருவக்காற்று நீரோட்டம் வாரிக்கொண்டு இலங்கையைச் சுற்றி வங்காள விரிகுடாவுக்குள் இழுத்துப் போகிறது. இந்திய அறிவியல் கழகத்தின் கடலியல் பேராசிரியர் பி. என். விநயச்சந்திரனும் அவருடைய குழுவும் இதை 2004-ல் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு விவரித்தார்கள். ஒரு நாட்டின் கரையில் பிறந்த வளம் இன்னொரு நாட்டின் கடலில் இரையாகிறது.

ஆனால் விரிகுடாவின் உட்பகுதி? வானிலிருந்து பார்த்தால் அது பெரும்பாலும் ஏழைக் கடல். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் லேசானது. உப்புநீரின் மேல் அது மூடிபோல் படுத்துக்கொள்கிறது. கீழே இருக்கும் சத்து அந்த மூடியைத் தாண்டி மேலே வருவது கடினம். போதாததற்குப் பருவமழை மாதங்களில் மேகம் மறைத்துவிடும். மேகத்தைத் துளைத்துப் பார்க்கக் கடல்நிறக் கருவியால் முடியாது. தெளிந்த வானத்திலும் அது காண்பது கடலின் மேல்தோலை மட்டும்.

2016 ஜூன், ஜூலை மாதங்களில் விநயச்சந்திரன் குழு பிரிட்டனின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, சிந்து சாதனா என்ற ஆய்வுக்கப்பலில் விரிகுடாவின் தென்பகுதிக்குப் போனது. பருவக்காற்று உச்சத்தில் இருந்த நேரம். கப்பலோடு கிளைடர் என்ற கடல்சறுக்கிகளையும் நீரில் இறக்கினார்கள். ஆளில்லாத, விசிறி இல்லாத நீள்உருளைகள் அவை. உள்ளே இருக்கும் எண்ணெயை ஒரு பைக்குள் ஏற்றியும் இறக்கியும் தன் மிதப்பை மாற்றிக்கொள்கிறது கிளைடர். கனத்தால் மூழ்கும், லேசானால் எழும். பக்கவாட்டுச் சிறகுகள் அந்த ஏற்ற இறக்கத்தை முன்னேற்றமாக மாற்றுகின்றன. ரம்பப் பல்போல மேலும் கீழுமாகப் போய், ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் வெப்பம், உப்பு, பச்சையம் ஆகியவற்றின் கணக்கைச் செயற்கைக்கோள் வழியே சொல்லிவிட்டு மறுபடி மூழ்கும்.

அந்த அளவீடுகள் காட்டியது இது: மேற்பரப்பில் வெறுமையாகத் தெரிந்த கடலில், சில பத்து மீட்டர் கீழே ஒரு பச்சைப் படலம். மேலிருந்து கொஞ்சம் ஒளியும் கீழிருந்து கொஞ்சம் சத்தும் சந்திக்கும் ஆழத்தில் தாவர மிதவை உயிரிகள் அடர்ந்திருந்தன. வானத்துக் கண்ணை மட்டும் நம்பியிருந்தால் உயிர்வளம் என்ற வரிசையில் ‘குறைவு’ என்ற கட்டத்தை நிரப்பியிருப்போம். அது பிழையாகியிருக்கும். தெரியாமல் ‘தகவல் இல்லை’ என்று எழுதுவதைவிட அது மோசம். தெரிந்தது போலத் தோன்றும் இடத்தில் மறுபடி யாரும் தேடப் போவதில்லை.

கப்பல்கள் விலகிய கடல்

மதிப்பீடு முடிவாக மாறிய ஓர் இடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. பருவக்காற்று நீரோட்டம் வளப்படுத்தும் இலங்கையின் தென்கடலில் நீலத் திமிங்கிலங்கள் இருக்கின்றன. மிரிச கரையிலிருந்து படகில் போனால் பார்க்கலாம். இதே கடலில், தேவேந்திரமுனைக்குத் தெற்கே, உலகின் மும்முரமான கப்பல் பாதைகளில் ஒன்றும் ஓடுகிறது. சூயஸுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போகும் கப்பல்கள் திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்தின் ஊடே போயின. கப்பல் மோதித் திமிங்கிலங்கள் இறந்தன.

இலங்கையின் கடலுயிர் ஆய்வாளர் ஆஷா டி வோஸ் உள்ளிட்ட பலர் ஆண்டுக்கணக்கில் திமிங்கிலங்களை எண்ணினார்கள். எங்கே அடர்த்தி, எந்த மாதத்தில் அடர்த்தி என்று கப்பல் பாதையோடு ஒப்பிட்டார்கள். பாதையைச் சில கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் வாய்ப்பு பெருமளவு குறையும் என்று கணக்கு சொன்னது. 2022-ல் உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான எம்.எஸ்.சி. தானே முன்வந்து தன் கப்பல்களைத் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது.

ஒரு நிறுவனம் விலகுவது விதியாகிவிடாது என்பது உண்மை. ஆனால் எண்ணிக்கை இல்லாமல் போயிருந்தால் விலகச் சொல்லிக் கேட்கவும் யாருக்கும் ஆதாரம் இருந்திருக்காது.

கரையில் இருப்பவர்கள்

வானத்துக் கண்ணும் நீருக்குள் போகும் கண்ணும் போதாது. மூன்றாவது கண் கரையில் இருக்கிறது. சென்னைக் கடற்கரை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள்; வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. எந்த ஓட்டத்தில் எந்த மீன் வரும், எந்த வலையை இறக்கக் கூடாது என்ற கணக்கு இந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. கடலுக்கு அடங்கல் எழுதுவது எப்படி என்று முன்னே கேட்டோம்; அடங்கலே இல்லை என்பது முழு உண்மை அல்ல. எழுதாமல் மனதில் வைத்திருக்கிறார்கள்.

லட்சத்தீவில் கம்பும் தூண்டிலும் கொண்டு சூரை மீன் பிடிக்கிறார்கள். லகூனில் பிடித்த சின்ன மீன்களை உயிரோடு கடலில் வீசினால் சூரைக் கூட்டம் மேலே எழும். அப்போது தூண்டில் போடுவார்கள். அந்தச் சின்ன இரைமீன் குறைந்தால் தொழிலே நின்றுவிடும். தக்ஷிண் ஃபவுண்டேஷன் அங்கே மீனவர்களின் கையிலேயே குறிப்பேடுகளைக் கொடுத்தது. எவ்வளவு இரைமீன் எடுத்தோம், எங்கே எடுத்தோம், எவ்வளவு சூரை கிடைத்தது என்று அவர்களே எழுதினார்கள். ஆய்வாளர் வந்து ஒரு வாரம் அளந்து போவதற்கும், தொழில் செய்பவர் தினமும் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. தான் எழுதிய கணக்கை யாரும் எளிதில் புறக்கணிப்பதில்லை. மீன் குறைந்திருக்கிறது என்று வெளியார் சொன்னால் வாக்குவாதம் வரும். சொந்தக் குறிப்பேடு சொன்னால் யோசனை வரும்.

அறிந்தபின் என்ன செய்கிறோம்?

அறிவு மட்டும் காப்பாற்றிவிடாது என்பதையும் இதே கரையில் பார்த்துவிட்டோம். பங்குனி ஆமைகளின் வலசைப் பாதை கொழும்புக் கூட்டத்தில் விவரிக்கப்பட்டு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆன நிலையில், 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதையொட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவை வலைக்குள் சிக்கிய ஆமையால் மூச்சு வாங்க மேலே வர முடியாது, மூழ்கியே சாகும். கரையை ஒட்டிய 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. முட்டையிடும் மாதங்களில் ஆமைகள் கூடுவதும் அங்கேதான் என்பது தெரிந்த செய்தி. ‘தகவல் இல்லை’ என்று சொல்ல இங்கே வழியே இல்லை.

நம் ஏழுவரி ஆமைக்கும் இப்படி ஓர் இடம் உண்டு. கிரேட் நிக்கோபாரின் காலத்தியா விரிகுடா இந்தியாவில் அது முட்டையிடும் முதன்மையான கரைகளில் ஒன்று. 2004 சுனாமி அந்த மணலை விழுங்கியது. பின்னர் மணல் மெல்லத் திரும்பியது, ஆமைகளும் திரும்பின. 2021 ஜனவரியில், துறைமுகத் திட்டத்துக்காக அங்கிருந்த சரணாலய அந்தஸ்தை நீக்கத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு ஒப்புதல் தந்தது. அதே மாதம் மத்திய அரசு வெளியிட்ட கடலாமைச் செயல்திட்டம் அந்தக் கரையை முக்கியமானது என்று குறித்திருந்தது. இரண்டு காகிதங்களும் ஒரே அரசின் காகிதங்கள்.

கடல்வெளித் திட்டமிடல் என்ற முறை இந்தப் பிளவை ஒட்டவைக்க முயல்கிறது. மீன் குஞ்சு பொரிக்கும் இடம், படகு போகும் வழி, கேபிள், காற்றாலை, சுற்றுலா எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டு, எது எங்கே எந்த மாதத்தில் என்று பேசி முடிப்பது அது. இந்தியா 2019-ல் நார்வேயோடு கைகோத்து, புதுச்சேரியையும் லட்சத்தீவையும் முன்னோட்ட இடங்களாக எடுத்தது. சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் அந்த வேலையைச் செய்கிறது. ஆழ்கடலுக்கும் கதவு திறந்திருக்கிறது. 2023 ஜூனில் ஐ.நா.வில் ஏற்கப்பட்ட ஆழ்கடல் பல்லுயிர் உடன்படிக்கை, 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2024 செப்டம்பரில் அதில் கையெழுத்திட்டது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் காப்புப் பகுதிகளை அறிவிக்கவும், புதிய தொழில் தொடங்குமுன் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிடவும் முதல்முறையாகப் பொதுவான வழி பிறந்திருக்கிறது.

அங்கே ஒரு காப்புப் பகுதியை முன்மொழிபவர் ஆதாரத்தோடு வர வேண்டும். பழங்குடிகள், உள்ளூர்ச் சமூகங்களின் மரபறிவையும் அந்த ஆதாரத்தில் சேர்த்துக்கொள்ள உடன்படிக்கை இடம் தருகிறது. லிட்டில் அந்தமான் மணலில் பத்து ஆமைகளின் முதுகில் ஒட்டிய கருவிகளுக்கு அப்போதுதான் முழு மதிப்பு. எந்த மேசையில் கோடு போட்டாலும், ஆமை எங்கே போகிறது என்ற கேள்விக்கு அந்தப் பத்துப் பாதைகள் பதில் வைத்திருக்கின்றன. பத்து என்பது சிறிய எண். ஆனால் அதற்கு முன்பு அந்தக் கட்டத்தில் இருந்தது ‘தகவல் இல்லை’.

கெலவரப்பள்ளி நுரை

கடைசியாக, நாம் முன்பு பார்த்த மேட்டு நிலத்து ஊருக்குத் திரும்புவோம். பெங்களூரு ஒரு நீர்ப்பிரிமேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஊரின் மேற்குப் பாதி நீர் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் சேர்ந்து, காவிரிக்குப் போகிறது. கிழக்குப் பாதி நீர் பெல்லந்தூர் ஏரிக்கும் வர்த்தூர் ஏரிக்கும் வழிந்து தென்பெண்ணையில் கலக்கிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்துவிடும்போது வெண்ணுரை மலைபோல் எழுவதைத் தமிழகம் பலமுறை பார்த்திருக்கிறது. அந்த ஆறு கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து கடலூரில் கடலைத் தொடுகிறது. இந்தியா தன் கடல்வெளித் திட்டத்தின் முன்னோட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த புதுச்சேரிக் கடல் அங்கிருந்து வடக்கே கூப்பிடு தூரம். தெண்டி ஓடும் மாதங்களில் கடலூர் நீர் போவதும் அந்தத் திசையில்தான்.

ஆக, கடலை அளக்கும் செயற்கைக்கோள் எந்த ஊரில் உருவானதோ, அந்த ஊரின் கழிவுநீரும் அதே கடலுக்குத்தான் வருகிறது. செயற்கைக்கோளைப் பற்றி ஊருக்கே தெரியும். கழிவுநீரின் பயணம்? உங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது, எந்த ஆற்றில் சேர்கிறது, எந்த ஊரில் கடலைத் தொடுகிறது என்று பெங்களூருவின் ஏதாவது ஒரு குடியிருப்பில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும் விடை, கொழும்புப் படிவத்தின் நான்காவது கட்டம்.

இந்த ஒரு கட்டத்தை நிரப்பச் செயற்கைக்கோளும் கடல்சறுக்கியும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வர்த்தூர் ஏரியின் மதகிலிருந்து நீர் போகும் வழியே நடந்தால் போதும்.